தூர்ந்துபோன காது

அரியமுத்துவை ஊரில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் டாக்டர் இல்லை. குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டர். அசல் டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் வயிறு உப்பிய ஆடும், கன்று போட முடியாமல் தவிக்கும் பசுவும், கழிச்சல் கண்ட கோழியும் அரியமுத்துவின் பொறுப்பு. வேலைக்கு வந்த புதிதில் யாராவது 'டாக்டரே' என்றால், "நான் கம்பவுண்டருங்க" என்று திருத்துவான். ஒரு வருஷத்தில் திருத்துவதை விட்டான். இரண்டாம் வருஷம், 'கம்பவுண்டர்' என்று யாராவது கூப்பிட்டால் தன்னை இல்லை என்பதுபோல நடந்துபோனான். பின்னாளில் இந்தக் கதையை அவனே நாலு பேருக்குச் சொல்லும்போது, "அங்கதாங்க எனக்குப் புத்தி பெரண்டுது" என்று தொடங்குவான்.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். பேங்க்கில் கடன் கொடுத்து மாடு வாங்கவைத்த காலம். கடன் மாடு என்று அடையாளம் தெரிய, ஒவ்வொரு மாட்டின் காதிலும் நம்பர் போட்ட வில்லை ஒன்றை அடித்துவிட வேண்டும். ஜனங்கள் அதற்கு 'பேங்க் கம்மல்' என்று பேர் வைத்திருந்தார்கள். அந்த வேலையும் அரியமுத்துவுடையதுதான். ஒரு கையால் காதைப் பிடித்து, நரம்பில்லாத இடமாகப் பார்த்து, குறடை ஒரே அழுத்து. மாடு கத்தி முடிப்பதற்குள் கம்மல் தொங்கும். அந்த ஒரு வருஷத்தில் இருநூறு காதுகளாவது துளைத்திருப்பான். ஆகவே காதைப் பற்றி இந்தத் தாலுகாவில் தனக்கு மிஞ்சி யாருக்கும் தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

மகள் கலியம்மாளுக்கு நாலரை வயது. கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, மனைவி தனம் கல்லங்குறிச்சிக் கலியபெருமாளுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை. பேரும் அந்தச் சாமியை நினைத்து வைத்ததுதான். மொட்டையும் காதுகுத்தும் அந்தக் கோயிலிலேயே செய்வதாக நேர்ந்திருந்தாள். ஒரு வருஷம் மழை பொய்த்தது, ஒரு வருஷம் பங்காளி வீட்டில் சாவு விழுந்தது. தள்ளித் தள்ளிப் போய், அந்தக் கார்த்திகைக் கடைசியில்தான் கூடிவந்தது.

தனத்தின் அண்ணன் பழனிவேல் தா.பழூரிலிருந்து விடிகாலை பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். நெல் விவசாயி. அவருக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய கலியம்மாளை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ உடைந்துவிடும் பொருளைப் பிடித்திருப்பதுபோல இரண்டு கையாலும் அணைத்திருந்தார். குன்னம் கடைவீதியில் நகைக்கடை வைத்திருந்த ராசாங்கம் பத்தரைத்தான் காது குத்த அழைத்துப் போயிருந்தார்கள். அவர் தங்கக் கம்பியின் முனையைக் கூராக்கி, "அந்தா பாரு குருவி" என்று சொல்லிக்கொண்டே ஒரு குத்து. பிள்ளை அலறியது. அலறல் ஓய்வதற்குள் அடுத்த காதும் முடிந்தது. கம்பியை வளையமாக வளைத்துவிட்டு, பத்தர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"கம்பவுண்டர் சார், ஒரு ரெண்டு மாசத்துக்குக் கம்பியக் கழட்டாதீங்க. தேங்கா எண்ணெய காய்ச்சித் தொட்டு வைங்க. தெனமும் லேசா திருப்பி வுடுங்க. அவ்வளவுதான்."

"காதப் பத்தி எனக்கே சொல்றீங்களா பத்தரே?" என்று அரியமுத்து சிரித்தான். பத்தர் அவனைக் 'கம்பவுண்டர்' என்று கூப்பிட்டது பிடிக்கவில்லை. சொன்ன மற்றது எதுவும் காதில் ஏறவில்லை.

பழனிவேல் அக்குளில் இருந்த துண்டை எடுத்துப் பிள்ளையின் கண்ணைத் துடைத்துவிட்டு, அதே துண்டால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். "தையில மாமன் செகப்புக் கல்லு வச்ச தோடு கொண்டாரேன் தாயி. பொங்கலுக்கு ஓங் காதுல அது மின்னணும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

பத்துப் பன்னிரண்டு நாள் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் ஒருநாள் கலியம்மாள் மண்ணில் விளையாடிய கையால் வளையத்தைப் பிடித்து இழுத்திருக்கிறாள். மறுநாள் காலையில் இரண்டு காதும் சுண்டைக்காய் அளவுக்கு வீங்கி, வளையத்தைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. தனம் மஞ்சளை எண்ணெயில் குழைத்துக்கொண்டு வந்தாள்.

"அதக் கொண்டுபோய் அடுப்பாங்கரையில வை," என்றான் அரியமுத்து. "புண்ணுக்குள்ள கம்பி கெடந்தா எப்படி ஆறும்? மொதல்ல கம்பிய எடுக்கணும். காத்துப் படணும்."

"பத்தரு கழட்டக் கூடாதுன்னு சொன்னாரே?"

"பத்தரு என்ன ஆஸ்பத்திரியிலயா வேல பாத்தாரு? நான் ட்ரெயினிங் எடுத்தவன்."

"மாட்டுக்குத்தானங்க எடுத்தீங்க?"

"தோலுன்னா எல்லாம் தோலுதான்."

இந்த வாக்கியத்தைப் பின்னால் அவன் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறான். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதில் ஒரு அறிவு தெரியவில்லை.

மதியம் பிள்ளை தூங்கும்போது கம்பியை நெளித்து எடுத்துவிட்டான். வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தான். மருந்தகத்திலிருந்து ஊதா மருந்தைக் கொண்டுவந்து இரண்டு காதிலும் தாராளமாகப் பூசினான். பிள்ளை எழுந்து தெருவுக்குப் போனதும் எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "என்னாடி இது தனம், புள்ள காதுல கத்திரிப்பிஞ்சு காச்சுருக்கு?"

தெரு சிரித்தது. அரியமுத்து கவலைப்படவில்லை. வைத்தியம் தெரிந்தவன் இதற்கெல்லாம் அசைவானா? காலையிலும் மாலையிலும் தவறாமல் துடைத்தான், பூசினான். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. ஐந்தாம் நாள் சீழ் இல்லை. ஒரு வாரத்தில் ஊதா நிறத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்தபோது காது இரண்டும் பூப்போல இருந்தன. வடு கிடையாது, சிவப்பு கிடையாது. பெருமை தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். தனம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு. இந்த ஊர்ல எவனாவது இப்படி ஆத்திக் காட்டச் சொல்லு பாப்போம்."

தனம் சாம்பல் கையை உதறிவிட்டு எழுந்து வந்தாள். பிள்ளையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி ஒரு காதைப் பார்த்தாள். இந்தப் பக்கம் திருப்பி இன்னொரு காதைப் பார்த்தாள். மடலின் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"நல்லா ஆறியிருக்குங்க," என்றாள். "ஓட்டை எங்கங்க?"

அரியமுத்து குனிந்து பார்த்தான். ஓட்டை இல்லை. ஒரு புள்ளி மாதிரி ஏதோ இருந்தது. அதுவும் ஊதா மருந்தின் மிச்சமாக இருக்கலாம். புண்ணை எப்படி ஆற்றுவது என்று ஏழு நாள் யோசித்தவன், குத்திய துளையும் ஒரு புண்தான், ஆறினால் அதுவும் சேர்ந்துதான் ஆறும் என்பதை ஏழு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இருநூறு காது துளைத்த அனுபவம் இந்த இடத்தில் அவனுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

"மேல தோலுதான் மூடியிருக்கு," என்று சமாளித்தான். "உள்ள வழி இருக்கும்."

"பொங்கலுக்கு இன்னும் பத்து நாளுதான் இருக்கு. எங்கண்ணன் தோட்டோட வந்து நிக்கப் போறாரு," என்றாள் தனம். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தலாம். அந்த வசதியையும் அவள் தரவில்லை.

வழி இருக்கிறதா என்று பார்க்கத் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கு ஒடித்து, முனையைச் சீவி, எண்ணெயில் தோய்த்தான். அப்பா எதையோ சீவுகிறார் என்று கண்டதும் கலியம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அரியமுத்து மிரண்ட காளையை மூக்கைப் பிடித்து நிறுத்துகிறவன். அந்த நாலரை வயதை அவனால் நிறுத்த முடியவில்லை. கையைப் பிடித்தால் காலால் உதைத்தாள்; காலைப் பிடித்தால் கடித்தாள். கட்டை விரலில் பல் பதிந்ததுதான் மிச்சம்.

இதற்கு மேல் அமாவாசை வேறு வந்து சேர்ந்தார். அவர் பக்கத்து ஊர்க்காரர், பருத்திக் கொல்லை வைத்திருந்தவர். அவருடைய கடன் மாடு வேலியில் காதை மாட்டிக்கொண்டு கம்மலை எங்கோ தொலைத்துவிட்டிருந்தது.

"பழைய ஓட்டையில மாட்டிடலாமுன்னு பாத்தேன் டாக்டரே. அது தூந்துபோயிடுச்சு. புதுசாத்தான் குத்தணும்."

'தூந்துபோயிடுச்சு' என்ற சொல்லைக் கேட்டதும் அரியமுத்து அவசரமாக மாட்டின் காதைப் பிடித்தான். வேகமாகக் குறடை எடுத்து, வேகமாக அழுத்தினான். பதற்றத்தில் இடம் தவறி நரம்பில் பட்டுவிட்டது. மாடு ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தி, கட்டியிருந்த முளையையும் பிடுங்கி இழுத்துக்கொண்டு ஓடியது. மருந்தகத்தை ஒட்டித்தான் குடியிருப்பு. வாசற்படியில் கலியம்மாள் நின்றுகொண்டு அத்தனையையும் பார்த்தாள். மாட்டின் காதிலிருந்து ரத்தம் சொட்டுவதையும், அப்பா கையில் குறடு இருப்பதையும் பார்த்தாள். சத்தமில்லாமல் உள்ளே போய், கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையோடு காதைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து குளிக்கும்போது மட்டும்தான் அவிழ்த்தாள். அதுவும் அம்மாவிடம் மட்டும்.

நாள் நெருங்க நெருங்க அரியமுத்துவின் யோசனைகள் மோசமாகிக்கொண்டே போயின. ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டான். "பொங்கல் அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் தோடு ரெண்டையும் பசை போட்டு ஒட்டிட்டா என்ன?"

தனம் அவன் தட்டில் ரசத்தை ஊற்றினாள். "அந்தப் பசைய ஒங்க வாயில போடுங்க. ஒரு நாளைக்கு இல்ல, ஒரு வருசத்துக்கு."

போகிக்கு முந்தின நாள் பழனிவேல் வந்துவிட்டார். தோளில் கரும்புக் கட்டு, ஒரு கையில் மஞ்சள் கொத்து, இன்னொரு கையில் புதுப்பானையும் அரிசியும் வெல்லமும் வைத்த பெரிய பை. எல்லாவற்றையும் நடுவீட்டில் இறக்கிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் இடுப்பு மடிப்பிலிருந்து சிவப்புக் காகிதப் பொட்டலத்தை எடுத்தார்.

"எங்க எந் தாயி?"

கலியம்மாள் துண்டுக் கட்டோடு வந்து நின்றாள்.

"என்னா இது, கிழவி மாதிரி முக்காடு?"

"பனிங்க மச்சான்," என்றான் அரியமுத்து. "சளி புடிச்சிருக்கு. காத்து காதுல போவக் கூடாது பாருங்க." காற்றுப் படவேண்டும் என்று சொன்ன அதே வாய்.

"ஒரு நிமிசந்தான், போட்டுப் பாத்துட்டுத் திரும்பக் கட்டிடலாம்."

"இப்ப வேணாங்க மச்சான். காது இன்னும் கொஞ்சம் பச்சையா இருக்கு. பொங்கல் கழிச்சு..."

கலியம்மாள் மாமாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துண்டைத் தானே அவிழ்த்தாள்.

"மாமா, அப்பா எங் காதுல இருந்த ஓட்டைய எடுத்துட்டாரு."

பழனிவேல் பிள்ளையைக் கிட்டே இழுத்து, விரலால் இரண்டு காது மடலையும் தடவிப் பார்த்தார். கோபப்படுவார் என்று அரியமுத்து தயாராக நின்றான். அவர் கோபப்படவில்லை. பொட்டலத்தைப் பிரித்த மடிப்பிலேயே திரும்ப மடித்தார். மடித்து முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"புள்ளைங்களுக்குக் காது தூந்துபோறதெல்லாம் ஒலகத்துல இல்லாததா மாப்புள்ள? எங் காதேகூட ஒரு தடவ தூந்துதான் போச்சு. அதுக்காவ துண்டு கட்டி மறைப்பீங்களா? நான் என்ன அசலாளா?"

அரியமுத்துவுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இன்னொரு பொய் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. 'இப்ப எல்லாப் புள்ளைங்களுக்கும் இப்படி ஒரு நோவு வருதுங்க' என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்ததையும் அவன் பின்னால் ஒளிக்காமல் சொல்வான். ஆனால் அந்த மனுஷனின் கையில் அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும் பொய் இறங்கிப்போய்விட்டது.

"பத்தரு கழட்டாதீங்கன்னாரு மச்சான். தனமும் சொன்னா. நாந்தான் கேக்கல. கம்பியக் கழட்டி, ஊதா மருந்த அப்பி... பெரிய டாக்டருன்னு நெனச்சுக்கிட்டேன்."

"டாக்டரா? நீங்களா?" பழனிவேல் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார். உள்ளேயிருந்து தனம் சிரிக்கும் சத்தம் கேட்டது. பத்து நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அரியமுத்துவுக்கும் சிரிப்பு வந்தது. பழனிவேல் மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலையில பத்தரப் பாப்போம்," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

மறுநாள் நாலு பேருமாகப் போனார்கள். போகி நாள் என்பதால் கடைவீதியில் வண்ணக் கோலமாவும் மஞ்சளும் பூசணியும் குவிந்து கிடந்தன. ராசாங்கம் பத்தர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு பிள்ளையின் காதைத் தொடாமல், தூர இருந்தபடியே பார்த்தார்.

"யாரு கழட்டுனது?"

"நாந்தான்," என்றான் அரியமுத்து.

பத்தர் கம்பியைத் தீட்டத் தொடங்கினார். அந்தச் சத்தம் கேட்டதும் கலியம்மாள் கடைத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். தனம் கொஞ்சினாள். பழனிவேல் பலூன் என்றார், பஞ்சுமிட்டாய் என்றார், தா.பழூருக்குக் கூட்டிப்போய்க் கன்றுக்குட்டியை அவளுக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பிள்ளை தூணை விடவில்லை.

"வலிக்காது பாப்பா," என்றான் அரியமுத்து. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

கலியம்மாள் அழுகையை நிறுத்தினாள். "அப்ப ஒனக்கு மொதல்ல குத்து."

எல்லோரும் சிரித்தார்கள். அரியமுத்து எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தான். பிறகு பார்த்தால் தான் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருக்கிறான். பழனிவேல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "புள்ள கேக்குறது நாயந்தான?"

பத்தர் எழுந்து வந்து அரியமுத்துவின் காது மடலை நசுக்கிப் பார்த்தார். "சின்ன வயசுல குத்துனதுதான். இதுவும் தூந்து கெடக்கு. ஒங்க அப்பாருதான் கழட்டுனாரா சார்?"

"கவர்மென்ட் வேலைங்க பத்தரே. நாளைக்கு ஆபீசுக்குப் போவணும்."

"நாளைக்குப் பொங்கலு," என்றாள் தனம்.

தப்பிக்க ஒரு வழியும் இல்லை. சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டு, பத்தருக்கு முன்னால் பாயில் உட்கார்ந்தான். அப்போது தூணிலிருந்து அடுத்த உத்தரவு வந்தது.

"அங்க இல்ல. மாமா மடியில ஒக்காரு."

அரியமுத்துவுக்கு வயது முப்பத்தைந்து. உட்கார்ந்து சாப்பிட்ட உடம்பு. பழனிவேலோ வெயிலில் காய்ந்து வற்றியவர். மச்சானின் முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட அவனுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் பழனிவேல் ஏற்கெனவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்து, தொடையைத் தட்டிக் காட்டிவிட்டார். "வாங்க மாப்புள்ள."

பாதி உடம்பு மடியிலும் பாதி உடம்பு பாயிலுமாக அவன் உட்கார்ந்தான். கல்லங்குறிச்சியில் பிள்ளையை அணைத்த மாதிரியே அவர் இரண்டு கையாலும் அவனை அணைத்துப் பிடித்துக்கொண்டார். கடைவாசலில் கோலமாவு வாங்க வந்தவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். தெரிந்த முகங்கள் நாலைந்து இருந்தன; எல்லோரும் மாடு வைத்திருப்பவர்கள். அரியமுத்து கண்ணை மூடிக்கொண்டான்.

"அந்தா பாருங்க சார் குருவி," என்றார் பத்தர்.

எறும்பெல்லாம் இல்லை. தேளாவது கொட்டினால் ஒரு இடத்தில்தான் வலிக்கும். இது காதில் குத்தி உச்சந்தலையில் வெடித்தது. "எம்மா!" என்று அவன் போட்ட சத்தத்தில் எதிர்க்கடையில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து போனது. ஒரு காதோடு விட்டுவிடுவார்கள் என்று எழப் பார்த்தான். "இன்னொன்னு இருக்கே," என்றாள் கலியம்மாள். இரண்டாவதற்கும் அதே சத்தம். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. முதுகில் ஏதோ அதிர்ந்தது. பழனிவேல் சிரிக்கிறார். நேற்றிலிருந்து இறுகிக் கிடந்த மனுஷன், அவனைக் கட்டிப் பிடித்தபடி வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கலியம்மாள் தூணை விட்டுவிட்டு வந்து, தன் பாவாடை நுனியால் அப்பாவின் கண்ணைத் துடைத்தாள். "அழுவாதப்பா. முடிஞ்சுபோச்சு." அப்புறம் அவனைத் தள்ளிவிட்டு மாமாவின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். வலது காதுக்கு உதட்டைக் கடித்துக்கொண்டாள். இடது காதுக்கு ஒரே ஒரு முறை 'ஸ்' என்றாள். அப்பா மாதிரி கத்தக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள் போலிருக்கிறது.

பழனிவேல் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பத்தர் தோட்டின் தண்டைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "புதுக் காதுக்கு இந்தக் கனம் ஆவாது. கம்பியே கெடக்கட்டும். சித்திரையில தோடு போட்டுக்கலாம்." பொங்கலன்று மின்ன வேண்டும் என்று ஆசைப்பட்டவருக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் பொட்டலத்தைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, "இத மாப்புள்ள கண்ணுல படாம வையி," என்றார்.

அரியமுத்துவின் காதுக்குப் பத்தரிடம் வெள்ளிக் கம்பிதான் இருந்தது. வீட்டுக்குப் போனதும் கழற்றிவிடலாம் என்று அவன் ஒரு கணக்கு வைத்திருந்தான். அந்தக் கணக்கு மறுநாள் காலையிலேயே தப்பியது. கலியம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, தலையைக் குனியச் சொல்லி, அவன் காதுக் கம்பியை முதலில் திருப்பிவிட்டாள். பிறகுதான் தன் காதைக் காட்டினாள். அவன் கழற்றினால் அவளும் கழற்றுவாள். அது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேசாமலே ஏற்பட்ட ஒப்பந்தம்.

பொங்கல் விடுமுறை முடிந்து வேலைக்குப் போனான். பெரம்பலூர் டாக்டர் ஊசியைத் துடைத்துக்கொண்டே அவனை மேலும் கீழும் பார்த்தார். "என்னய்யா அரியமுத்து, வேண்டுதலா?"

"ஆமாங்க சார், மக வேண்டுதலு."

அமாவாசை அவ்வளவு மரியாதையாகக் கேட்கவில்லை. மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "எந்தப் பேங்க்குலங்க டாக்டரே லோன் போட்டீங்க?" என்றார். மருந்தகத்தில் இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். அந்தக் கேலி ஒரே மாதத்தில் எல்லா ஊருக்கும் போனது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவர்கூடக் காதைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டைக் காட்டினார்.

இரண்டாம் வாரம் அவன் காது பழுத்தது. பிள்ளையின் காது ஒரு குறையும் இல்லாமல் ஆறிக்கொண்டிருக்க, இவனுடையது நாவற்பழம்போல வீங்கி, தலையணையில் தலை வைக்க முடியாமல் ஆனது. தனம் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவன் காதைத் திருப்பிக் காட்டினான். அவள் தடவியபோது வலியில் உயிர் போனது. "ஒரே ஒரு நாளைக்குக் கழட்டி வச்சுட்டு..." என்று தொடங்கினான்.

"கழட்டுனா தூந்துபோயிடும்ப்பா," என்றாள் கலியம்மாள், பெரிய மனுஷி மாதிரி. "கைய வச்சு நோண்டாத. கை கழுவிட்டுத்தான் தொடணும்."

சித்திரையில் பழனிவேல் வந்து தோட்டைப் போட்டுவிட்டுப் போனார். சிவப்புக் கல். கலியம்மாள் இரண்டு நாள் கழுத்தைத் திருப்பாமலே நடந்தாள், கல் விழுந்துவிடுமோ என்று.

ஜூனில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனான் அரியமுத்து. பிறந்த சர்ட்டிபிகேட்டையெல்லாம் யாரும் அதிகம் கேட்காத காலம். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வா. அவளுக்கு முன்னால் நின்ற பிள்ளைகள் கழுத்தைச் சாய்த்து, விரலை நீட்டி, எப்படியாவது தொட்டுவிட எக்கிக்கொண்டிருந்தார்கள். கலியம்மாளின் முறை வந்தது. கை தாராளமாகக் காதைத் தாண்டியது. ஆனால் விரல் மடங்கிக்கொண்டது.

"காதத் தொடு பாப்பா," என்றார் தலைமையாசிரியர்.

"தொடக் கூடாது சார். பழுத்துடும்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அரியமுத்துவைப் பார்த்தார். அவன் காதிலிருந்த வெள்ளிக் கம்பிகளையும் பார்த்தார்.

"தொட்டாத்தான் பேரு எழுதுவேன்."

"கை கழுவிட்டு வரவா சார்?"

வரிசையை நிறுத்திவிட்டுத் தகப்பனும் மகளும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார்கள். அரியமுத்து ஊற்ற, அவள் விரல் விரலாகக் கழுவினாள். பாவாடையில் துடைக்காமல் காற்றில் உதறிக் காயவைத்தாள். அவசரப்படுத்தலாமா என்று நினைத்தான். தனக்கு அந்த யோக்கியதை இல்லை என்று காத்து நின்றான். திரும்பி வந்து, கையைத் தலைக்கு மேல் சுற்றிக் கொண்டுபோய், தோட்டில் படாமல் மடலின் ஓரத்தை ஒரே ஒரு விரல் நுனியால் தொட்டாள். தலைமையாசிரியர் பேரை எழுதினார். அவள் சிலேட்டை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஒன்றாம் வகுப்புக்குள் போய்விட்டாள். அரியமுத்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வேலைக்கு நேரமாகிறது என்று தெரிந்தும், வேப்பமரத்தடியில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான்.